நாகலூரில் மரத்தில் கட்டப்பட்டவர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பே அந்தப் படம் என் போனுக்கு வந்துவிட்டது. தாடி வைத்த ஒருவன். மலைக்குப் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது, உஷாராக இருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நானும் அனுப்பினேன். அனுப்பும்போது அடுப்பில் கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் யோசனை.

அந்த மூன்று நாளும் நாகலூர் ஒரு மாதிரியாக இருந்தது. எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். நாய் குரைத்தால் ஆண்கள் அரிவாளோடு வெளியே வந்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படைப்பின் கதையைச் சொன்னேன். வெளிச்சத்தையும் விலங்குகளையும் சொல்லால் உண்டாக்கிய கடவுள், மனிதனை மண்ணால் உருவாக்கி, மூக்கில் மூச்சை ஊதி, தம்முடைய சாயலையே கொடுத்தார் என்றேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், புள்ள புடிக்கறவனுக்குமா?"

"அவங்கெல்லாம் வேற, கண்ணு. உக்காரு."

வெளியே வந்தபோது மேகம் ரோடு வரைக்கும் இறங்கியிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் சத்தம் கேட்டது. அருகே போனபிறகுதான் தெரிந்தது: சில்வர் ஓக் மரத்தில் நைலான் கயிற்றால் ஒரு மனிதனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. சுற்றி நின்றவர்களில் சிலர் கையில் கற்கள் வைத்திருந்தார்கள். இந்தியில் ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் என்னிடம் ஓடி வந்தார். கடையிலிருந்து நான் திரும்பும்போதெல்லாம் என் அரிசிப் பையை வாங்கித் தூக்கி வருகிறவர்.

"இவன்தானுங்க டீச்சர். சட்டைப் பையில சாக்லேட்டு வெச்சிருக்கான். நீங்க எங்கூட்டுக்காரி இருக்கற குரூப்புக்கு அனுப்புனீங்களே, அதே ஆளு. பாருங்க."

அவர் நீட்டிய போனைப் பார்த்தேன். மரத்தில் இருந்த முகத்தையும் பார்த்தேன். தாடியைத் தவிர ஒன்றும் ஒத்துப்போகவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒரு சொம்புத் தண்ணீரோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"விடுங்கப்பா. மேல எஸ்டேட்டுக்கு மொளகு பறிக்க வந்த ஆளுங்க இவரு. அந்தச் சாக்லேட்டு இப்ப நாங்குடுத்ததுதான்."

"ஒதுங்குங்க பாய்!" என்றது ஒரு குரல். "ஏன், உங்க சொந்தக்காரனா?"

கற்களை வைத்திருந்தவர்கள் இப்போது மரத்தைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நான் பேசினேன். "அந்தப் படத்த நாந்தானுங்க அனுப்புனேன். நெசமான்னு எனக்குத் தெரியாது. அது இவரு இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க டீச்சர் அனுப்புனீங்க?" என்றார் ஜீப் டிரைவர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்த இடைவெளியில் பாய் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். இருவருமாக அந்த மனிதரைக் கடைக்குள் இழுத்துப் போய் ஷட்டரைச் சாத்தினோம். போலீஸ் வரும்வரை ஷட்டரில் கற்கள் விழுந்துகொண்டே இருந்தன. வெங்காய மூட்டையில் சாய்ந்திருந்த அவர் முகத்தைத் துடைக்க முந்தானையை நீட்டினேன். என் கை வருவதைக் கண்டு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேர் கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

ஒரு கண் போய்விட்டது, அவர் ஊருக்கே திரும்பிவிட்டார் என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பிறகு சொன்னார். அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம், போன வாரம் நான் சொன்னது தப்பு, அந்தச் சாயல் இல்லாத மனிதர் யாருமே இல்லை என்றேன். வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள்.

அன்று கல் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஏற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார்கள். போன வாரம் வழியில் அறிமுகமில்லாத ஒருவர் தோளில் பையோடு ஏறினார். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.