மாப்பிள்ளை கழற்றாத மங்கி குல்லா

போன ஞாயிற்றுக்கிழமை காக்களூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மூன்று பேர் தலையிலும் மங்கி குல்லா!

கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே. வாசலில் நின்ற எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. பெண்ணைப் பார்க்க வந்தவர்களா... இல்லை, பீரோவைப் பார்க்க வந்தவர்களா?

சிரிக்காதீர்கள். அந்த வாரம் எங்கள் திருவள்ளூர் பக்கம் வந்திருந்தால் நீங்களும் குல்லாவோடுதான் நின்றிருப்பீர்கள்.

எங்கள் ஊர் வெயிலுக்குப் பேர் போன ஊர். சித்திரையில் பைக் சீட்டில் தோசை ஊற்றலாம். அப்படிப்பட்ட ஊருக்கு என்ன ஆயிற்று என்றால், கடலில் ஒரு புயல் ‘வருகிறேன், வருகிறேன்’ என்று பாவ்லா காட்டிவிட்டு, சொட்டு மழை கூடப் பெய்யாமல் ஆந்திரா பக்கம் நழுவிவிட்டது. போகிற போக்கில் வடக்கே இருந்து ஒரு குளிர்காற்றை எங்கள் பக்கம் திருப்பிவிட்டும் போய்விட்டது. செல்போனில் டிகிரி இருபதுக்குக் கீழே இறங்கியது.

டெல்லிக்காரர் கேட்டால் பனியனோடு வாக்கிங் கிளம்புவார். நமக்கு? இருபது டிகிரி என்பது ஏசி ரிமோட்டில் பார்க்கிற நம்பர். அது தெருவில் வந்து நின்றால் எப்படித் தாங்குவது?

டீக்கடையில் யாரும் டீயைக் குடிக்கவில்லை. கிளாஸைக் கன்னத்தில் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியபாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட் காலியாக வந்தது. ஜன்னல் சீட்! கர்ச்சீப் போட்டு, சண்டை போட்டுப் பிடிக்கிற இடம்! எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்தினால் கொசு, போட்டால் குளிர். கடைசியில் ஃபேனை ஃபுல் ஸ்பீடில் வைத்துவிட்டு, இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு படுத்தோம். உலகத்தில் வேறு எங்காவது இப்படிச் செய்வார்களா? தெரியவில்லை.

சரி, பெண் பார்க்கும் கதைக்கு வருகிறேன்.

பெண், என் அக்கா மகள் பவித்ரா. கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. ஒரு போல்ட்டில் இம்மி பிசகு இருந்தாலும் தூக்கி ரிஜெக்ட் தொட்டியில் போட்டுவிடுவாள். வேலை அப்படி. மாப்பிள்ளை விஷயத்திலும் அப்படித்தான்.

அதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு வரன் வந்தது. போட்டோவில் சுருள் முடியோடு ஹீரோ மாதிரி ஒரு பையன். நேரில் வந்தவருக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. காலேஜில் எடுத்த போட்டோவாம்! பாவம் பவித்ரா... பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பியை மாப்பிள்ளை என்று நினைத்து, அவனுக்கு முதலில் காபியைக் கொடுத்து, வெட்கப்பட்டு வேறு தொலைத்துவிட்டாள்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள். “மாமா, மொட்டையா இருந்தாலும் எனக்கு ஓகே. ஆனா போட்டோல இருக்குற தல தான் நேர்லயும் வரணும். பொய்யி மட்டும் வோணாம்.”

நியாயம்தானே?

இந்த முறை வந்த வரன், தினேஷ். செவ்வாப்பேட்டைப் பையன். காக்களூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சூப்பர்வைசர். ஐஸ்க்ரீம், மீன் எல்லாம் மைனஸ் டிகிரியில் அடுக்கி வைக்கிற இடம். போட்டோவில் முடி அடர்த்தியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அடர்த்தி. அதுதான் எங்களுக்கு உதைத்தது.

இப்போது அந்தத் தலை குல்லாவுக்குள்!

அக்கா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனாள். “டேய், உங்க மாமா குவைத்துல குந்திக்கினு கீறாரு. தாய்மாமன் நீதான். எப்டியாச்சும் அந்தக் குல்லாவக் கழட்ட வெச்சிடு. எனக்கு ஒரே பேஜாரா கீது.”

தாய்மாமனுக்குச் சீர் செய்கிற வேலை உண்டு, மாலை எடுத்துக் கொடுக்கிற வேலை உண்டு. குல்லா கழற்றுகிற வேலையும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் இன்னொரு சிக்கல். எங்கள் பக்கமும் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம் முழுக்க விடியற்காலையில், கண்ணாடி மூடாத கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, பவித்ராவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாதாரணமாகக் கட்டவில்லை. அவள் ‘அம்மா’ என்று கூப்பிட்டால், தெருமுனையில் டெம்போ ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருந்தது. “இந்தக் குரலக் கேட்டா வந்த வழியே போயிடுவாங்கோ. நீ வாயே தொறக்காத, நான் பேசிக்கிறேன்” என்று அக்கா உத்தரவு போட்டிருந்தாள்.

ஆக, அந்தப் பக்கம் ஒரு தெரியாத தலை. இந்தப் பக்கம் ஒரு கேட்காத குரல். நடுவில் நான்... என் மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு!

நைசாக ஆரம்பித்தேன். “தம்பி, அதான் ஊட்டுக்குள்ள வந்துட்டீங்களே... குல்லாவக் கழட்டிட்டு ஃப்ரீயா உக்காருங்க.”

“பரவால்ல சார். இப்டியே ஃப்ரீயா தான் கீது.”

“மைனஸ் டிகிரில வேல பாக்குறவரு நீங்க. உங்களுக்கா குளிருது?”

“உள்ள கம்பெனில கோட்டு குடுக்குறாங்க சார். வெளியில யாரு குடுக்குறா?”

 

அடுத்து செல்ஃபி. ‘குவைத்தில் இருக்கும் மாமாவுக்கு அனுப்ப வேண்டும்’ என்றேன். கேமரா முன்னால் குல்லாவைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? மூன்று பேரும் குல்லாவோடு வரிசையாக நின்று சிரித்தார்கள். சிரித்தார்கள் என்று ஒரு யூகம்தான். வாய் தெரியவில்லையே.

சரி, குளிரால்தானே குல்லா? குளிரே இல்லாமல் செய்துவிட்டால்? எல்லா ஜன்னல்களையும் மூடினேன். ஃபேனை நிறுத்தினேன். சமையல்கட்டில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கதவை ஹால் பக்கம் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஹால் இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. நான் சால்வையைத் தூக்கிப் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூக்கு நுனியில் இருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது. குல்லாவை மட்டும் தொடவில்லை.

“இன்னா குளிரு, இன்னா குளிரு...” என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே!

கடைசி அஸ்திரம், அம்மன். பெரியபாளையத்தில் இருந்து வாங்கி வந்த குங்குமத்தட்டோடு அக்கா போய் நின்றாள். நெற்றியில் வைத்துக்கொள்ளக் குல்லாவை ஏற்றித்தானே ஆகவேண்டும்? தினேஷ் ஏற்றினார். ஒரே ஒரு விரல் அகலம். புருவத்துக்கு மேல் குங்குமம் வைத்துக்கொண்டு, பயபக்தியோடு கும்பிட்டு, குல்லாவை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்யாணமே முடிந்துபோயிருந்தது... வேண்டாம் என்கிற அர்த்தத்தில்.

அந்த நேரத்தில் பவித்ரா காபித் தட்டோடு வந்தாள். இந்த முறை கொடுப்பதில் குழப்பம் வரக்கூடாது என்று, நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு நேராகப் போய்க் கொடுத்தாள். தினேஷ் வாங்கிக்கொண்டார். 

மாப்பிள்ளையின் அம்மா பாசமாகக் கேட்டார். “உன் பேரு இன்னாம்மா?”

“பவித்ராங்க” என்றாள் அக்கா.

“இன்னா படிச்சிக்கீற கண்ணு?”

“டிப்ளமோங்க. மெக்கானிக்கல்” என்றாள் அக்கா.

“கம்பெனிக்கு பஸ் வருதாம்மா?”

“தெருமுனைக்கே வந்துடுதுங்க.” மறுபடியும் அக்கா.

அந்த அம்மாவின் முகம் மாறியது. முகம் தெரியவில்லை, கண் மாறியது. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மகனைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ... பொண்ணு பேசாதா?”

 அக்கா பஜ்ஜி எண்ணெயைப் பார்க்கிற மாதிரி சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பவித்ரா நிமிர்ந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலுக்கே மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

“பேசுவேன் ஆன்ட்டி!” என்றது டெம்போ. “ஜலதோஷத்துல தொண்ட கட்டிக்கிச்சி. அம்மா தான் பேசாதன்னு சொல்லிச்சி. நான் ஒளிக்கல, சொல்லிட்டேன். இப்போ உங்க புள்ளயும் அந்தக் குல்லாவக் கழட்டட்டும்.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தினேஷ் எழுந்து நின்றார். “நைனா... கழட்டிடவா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பெருமூச்சு விட்டார். “கழட்டிடு நைனா. இன்னும் கொஞ்ச நேரம் போனா எனக்கே மயக்கம் வந்துடும்.”

குல்லா கழன்றது.

முடி இருந்தது! போட்டோவில் இருந்த அதே முடி, அதே அடர்த்தி. ஆனால் நெற்றியில் இருந்து உச்சந்தலை வரைக்கும், நட்டநடுவில், மழமழவென்று ஒரு ரோடு! ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்ரோடு. இரண்டு பக்கமும் மரம் நட்ட மாதிரி முடி.



“முந்தாநேத்து சலூனுக்குப் போனேங்க” என்றார் தினேஷ், தரையைப் பார்த்துக்கொண்டே. “உங்கள பாக்க வரோமேன்னு கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்கலாம்னு. அந்த அண்ணனுக்கு செம ஜலதோஷம். மெஷின நெத்திகிட்ட வெச்சாரு... தும்மிட்டாரு.”

அம்மா தொடர்ந்தார். “மொத்தமா மொட்ட அடிச்சிடுறான்னேன். இவரு தான், ‘போட்டோவுல முடியக் காட்டிட்டு மொட்டையோட போனா ஏமாத்திட்டோம்னு நெனப்பாங்கோ’ன்னாரு. வர்ற நாள தள்ளி வெச்சா, பொண்ணு புடிக்காம தள்ளி வெச்சோம்னு நெனப்பீங்கோ. நல்லவேள, ஊரே குல்லா போட்டுக்கினு இருந்திச்சி.”

“சரிங்க... அவரு போட்டது புரியுது. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?” என்று கேட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா தன் குல்லாவைக் கழற்றிப் பிழிந்தார். நிஜமாகவே பிழிந்தார். “புள்ள மட்டும் போட்டுக்கினு வந்தா தனியா தெரியும் இல்ல சார்? அவன் மட்டும் கூச்சப்பட்டுக்கினு உக்காருவானேன்னு... நாங்களும் போட்டுக்கினோம்.”

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பழைய ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்கிற மாதிரி... நிற்காமல்! திரும்பிப் பார்த்தால், பவித்ரா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொண்டையில் சிரிப்பு அப்படித்தான் வந்தது. அதைக் கேட்டுத் தினேஷுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லோருக்கும்.

“உங்க குரலு எப்பவுமே இப்டியாங்க?” என்று தைரியமாகக் கேட்டார் தினேஷ்.

“இல்ல. மிளகு பாலு குடிச்சா சரியாயிடும். உங்க தல?”

“மிளகு பாலுக்கு சரியாவாதுங்க.”

ஜன்னல்களைத் திறந்தேன். ஜில்லென்று காற்று வந்தது. அந்த வாரத்தில் முதன்முறையாக அந்தக் காற்றை எல்லோரும் ஆசையாக வாங்கிக்கொண்டோம்.

சமையல்கட்டில் அக்கா மகளைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாடி சொல்ற?”

பவித்ரா கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் கரகரவென்று சொன்னாள். “புள்ள கூச்சப்படக் கூடாதுன்னு ரெண்டு பேரு வேர்த்துக்கினு உக்காந்து இருந்தாங்க பாரு... அந்த ஊட்டுக்குப் போனா, எனக்கும் அப்டி உக்காருவாங்கம்மா. எனக்கு ஓகே.”

குவாலிட்டி செக்கிங்கில் பாஸ்! நான் கூட இப்படி யோசிக்கவில்லை. நான் கடைசி வரை முடியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்கிற நாளில் இரண்டு பக்கமும் எதையாவது மூடிக்கொண்டுதான் உட்காருகிறோம். சம்பளத்தில் கொஞ்சம், வயதில் கொஞ்சம், கோபத்தில் நிறைய... வெயில் காலத்தில் அது வெளியே தெரிவதில்லை. இந்தப் பாழாய்ப்போன குளிர்தான் அதைக் கம்பளியில் பின்னிக் காட்டிவிட்டது.

தை பிறந்ததும் பூ வைக்கிறார்கள். அதற்குள் ரோட்டில் முடி முளைத்துவிடும் என்று நம்பிக்கை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா தன் குல்லாவை எடுத்துப் பவித்ராவின் தலையில் மாட்டிவிட்டார். “காலைல கம்பெனி பஸ்ல போட்டுக்கினு போ கண்ணு. தொண்டைக்கு நல்லது.” மற்ற வீடுகளில் வருங்கால மாமியார் வளையல் போடுவார். எங்கள் வீட்டில் குல்லா.

திங்கட்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் பவித்ரா கம்பெனி பஸ் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். புது டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுத்தாராம். “அண்ணே, அது லேடீஸ் சீட்டு. எந்திரிங்க.”

“நான் லேடீஸ் தாண்ணா” என்றாளாம் இவள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினாராம்... எழுப்பி விடுவதற்கு!