கிரேஸ் அவிழ்த்த துணி

கிரேஸின் கதையைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, ஜீப்பைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டேன். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் அவளை மட்டும் திட்ட வேண்டாம். திட்டுவதாக இருந்தால் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

என் பெயர் பிரேம்சிங். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். கிரேஸ் பதினெட்டு வருஷமாக என் ஜீப்பில் வந்தவள். முதலில் பின்னால் இடிபட்டு உட்கார்ந்து வந்தாள். சூப்பர்வைசர் ஆனதும் முன் சீட்டுக்கு வந்தாள். முன் சீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜீப்பை நான் ஓட்டுகிறேனா, அவள் ஓட்டுகிறாளா என்று எனக்கே சந்தேகம். "வெரசா போங்கண்ணே", "மெதுவா போங்கண்ணே", இரண்டையும் ஒரே வளைவில் சொல்வாள். கணவர் ஜேசுதாஸ் இறந்து பல வருஷமாகிறது. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளுடைய பைக்குள் தலைவலி மாத்திரை, ஊக்கு, அட்டைக்கடிக்கு உப்பு, சின்ன வேதப் புத்தகம் எல்லாம் இருக்கும். வாய் மோசம், கை தாராளம்.

முனியாயியும் அவளும் ஒரே நாளில் மலை ஏறியவர்கள். முதல் நாள் ஒரே வளைவில் இரண்டு பேரும் என் ஜீப்பிலிருந்து தலையை நீட்டி வாந்தி எடுத்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகிதம். மதியம் இவள் கருவாட்டுக் குழம்பு அவள் தட்டுக்குப் போகும், அவள் மொச்சைப் பொரியல் இவள் தட்டுக்கு வரும். முனியாயி சாமிக்கு மாலை போட்டால் கிரேஸ் அந்த நாட்களில் கருவாடு கொண்டுவர மாட்டாள். அவ்வளவு ஒட்டு.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடித்தால், அந்தப் பிளாக்கின் வாசலில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். நாலு நாளைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்க்கும். குத்துக்காலிட்டு, முகத்தைச் செடிக்குள் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மருந்தும் அந்த அடியில்தான் விழும். இது ஏலக்காட்டில் ஒரு வாரம் வேலை பார்த்தவர்களுக்கும் தெரியும்.

போன ஆவணியில் ஒரு நாள். பதினாலு பெண்களை இறக்கிவிட்டேன். அவர்கள் எடுக்க வேண்டிய பிளாக்கை முந்தின நாளே வேறு ஆட்கள் எடுத்து முடித்துவிட்டார்கள். மேனேஜர் ஊரில் இல்லை. பழுத்த காய் இருந்தது ஓடையோரப் பிளாக்கில் மட்டும்தான். அதன் வாசலில் சிவப்புத் துணி. முந்தின நாள் மதியம் மருந்தடி நடந்த இடம் அது. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்ததை நானே பார்த்திருந்தேன்.

திரும்பிப் போனால் பதினாலு பேருக்கும் அன்றைய வேலை போச்சு. ஒரு நாள் சும்மா திரும்பிய ஜீப்பை மறுநாள் தோட்டத்துக்காரர்கள் மறந்துவிட்டு வேறு ஜீப்புக்குச் சொல்லிவிடுவார்கள். கிரேஸ் கொஞ்ச நேரம் நின்றாள். மூக்கை உயர்த்தி முகர்ந்தாள். பிறகு துணியை அவிழ்த்து, மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். பெண்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். "ராத்திரி மழ பேஞ்சிருக்கு. மருந்தடிச்சு நாலு நாளாச்சு. எறங்குங்கடி" என்றாள். ஓடைப்பக்கம் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அந்த வரிசையை முனியாயிக்குக் கொடுத்தாள். சிநேகிதிக்குச் செய்த சலுகை அது. தாழ்வான இடம் என்பதால் மருந்து வடிந்து தேங்கியிருந்ததும் அங்கேதான்.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முனியாயிக்கு வாயில் எச்சில் ஒழுகியது. கண்ணில் நீர் கொட்டியது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மற்றவர்களுக்கும் தலைவலி, குமட்டல், ஆனால் நின்றார்கள். முனியாயி விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பதினேழு வளைவையும் நான் எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. கிரேஸ் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மருந்தடிச்ச தோட்டமா? எப்ப அடிச்சாங்க?"

கிரேஸ் சொன்னாள். "அதெல்லாம் அடிச்சு நாலு நாளாச்சு சார். கை கழுவாமச் சாப்பிட்டிருப்பா. வயித்துக்குச் சேரலயோ என்னமோ."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் ஒட்டியிருந்த கொசு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

விஷம் என்று அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வேறு மருந்து ஏற்ற அரை நாள் ஆகிவிட்டது. முனியாயி பிழைத்தாள். இருபது நாள் கழித்து, கால் இரண்டும் துவள ஆரம்பித்தன. முதலில் செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை. பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

கை கழுவாத கதை மட்டும் நன்றாக நடமாடியது. அவள் புருஷன் மொக்கச்சாமி வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். "எத்தன தடவ சொல்லிருப்பேன், கையக் கழுவிட்டுத் தின்னுன்னு." தெருவில் பிள்ளைகளைச் சோற்றுக்கு உட்கார வைக்கும்போது, முனியாயி பெயரைச் சொல்லிக் கை கழுவச் சொன்னார்கள்.

கிரேஸின் வீட்டுக்கும் முனியாயி வீட்டுக்கும் இடையில் இரண்டு தெரு. கிரேஸ் அங்கே போகவே இல்லை. கஞ்சி காய்ச்சி அனுப்பினாள், மாதுளம்பழம் அனுப்பினாள், தன் கல்யாணத்துக்கு வந்த கம்பளியை அனுப்பினாள். எல்லாம் என் கையில். கேட்டால், சோலி இருக்கிறது என்பாள். என்ன சோலி? ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே சபைக்குப் போய் முதல் பெஞ்சில் முழங்கால் போட்டு அழுவதுதான் சோலி. போதகர்கூட அவளைப் பக்திக்கு உதாரணம் காட்டிப் பேசினார். அதைக் கேட்டு அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியாமல் சொன்னேன். "கிரேசு, நீ துணிய அவுத்தத நான் பாத்தேன்."

அவள் அதிர்ந்து போகவில்லை. "தெரியும்ணே. கண்ணாடியில ஒங்க கண்ணு தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ஒரு சத்தம் போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வழியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் உண்டு. வீடு முறை வைத்து மாறும். வேதத்தை முதல் ஏட்டிலிருந்து வாரம் ஓர் அதிகாரமாக வாசித்துக்கொண்டு வந்தோம். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக்காரர்தான் வாசிக்க வேண்டும். ஐப்பசியில் கிரேஸ் வீட்டு முறை வந்தது. அன்றைக்கு வந்து விழுந்தது ஆகாரின் கதை.

ஆகார் ஆபிரகாம் வீட்டு வேலைக்காரி. அவனுக்கு ஒரு பிள்ளை பெற்றவள். வீட்டுக்காரிக்கு ஆகவில்லை, கொஞ்சம் ரொட்டியும் ஒரு தோல்பை தண்ணீரும் கொடுத்துத் தாயையும் மகனையும் வனாந்தரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று, அம்பு பாய்கிற தூரத்துக்குப் போய் உட்கார்ந்து ஆகார் சத்தம் போட்டு அழுதாள்.

கிரேஸ் அந்த வரி வரைக்கும் வாசித்தாள். நின்றுவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள். மிச்சத்தை நான் வாசித்தேன். தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார். அவன் கிடக்கிற இடத்திலேயே கேட்டார். எழுந்து போ, பிள்ளையைத் தூக்கு, கையைப் பிடித்துக்கொள் என்று தாய்க்குச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பக்கத்தில் இருந்த கிணறு கண்ணில் பட்டது.

எல்லாரும் பாட்டுப் பாடி, சுண்டல் தின்று கிளம்பினார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அழுதது ஆத்தாக்காரி. கேட்டது பிள்ள சத்தத்தையா?" என்றாள் கிரேஸ்.

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அப்ப சாமி அந்தச் செடிக்கடியிலதான இருந்திருக்காரு. இவ எங்கிட்டோ போயி ஒக்காந்துக்கிட்டு அழுதிருக்கா." விரித்திருந்த பாயைச் சுருட்டினாள். "ரெண்டு மாசமா சபையில கெடந்து கூப்பிடுறேன். ஒரு பதிலும் இல்ல. எப்பிடி இருக்கும்? அவரு முனியாயி வீட்டுலல்ல இருக்காரு. ஆகாராச்சும் பாவம், ஒண்ணும் செய்யல. பிள்ளையத் தண்ணியில்லாம விட்டது அவ இல்ல. நான் செஞ்சவ."

அவள் பாவம் போக்கும் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. நானே தேடிக்கொண்டிருந்தவன். "நாளைக்கு வண்டி வந்ததும் போவோம்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் போனோம். முனியாயி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருமகள் முத்துப்பிரியா அடுப்படியில் இருந்தாள். முனியாயி கிரேஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு தெரு தாண்டி வர ரெண்டு மாசமா? கால் வெளங்காதது எனக்கா, ஒனக்கா?"

கிரேஸ் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தவள், வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தாள்.

"முனியாயி, நீ அன்னைக்குக் கை கழுவுன."

முனியாயி திரும்பினாள்.

"ஓடையில எறங்கி ரெண்டு தடவ கழுவுன. நான் பாத்தேன். மருந்தடிச்சு நாலு நாளு ஆகல, மொத நாளு மத்தியானம் அடிச்சது. செவப்புத் துணி கட்டியிருந்துச்சு. அத அவுத்தது நாந்தான். டாக்டர்ட்டப் பொய் சொன்னதும் நாந்தான்."

"நானும் பாத்தேன் ஆத்தா. சொல்லல" என்றேன் நான்.

முனியாயி எங்கள் துணிக் கதை எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அப்ப நான் கை கழுவுனேனா?" என்றாள். "கழுவுன மாதிரிதான்டி எனக்கு ஞாவகம். எல்லாரும் கழுவலன்னு சொல்லவும், கழுவலபோலன்னு நானே நம்பிட்டேன். எம் புத்தியில்லாம எங் கால நானே கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சு, சுவத்துல முட்டிக்கிட்டுக் கெடந்தேன்டி. ஏ பிரியா, இங்கிட்டு வா. வந்து கேளு. நான் கை கழுவுனேனாம்."

அவள் அழுதாள். பார்த்துக்கொண்டிருக்க முடியாத அழுகை. பிறகுதான் மற்றதெல்லாம் உள்ளே இறங்கியது. கிரேஸின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் அடித்தாள், அடித்துக்கொண்டே "எங் காலக் குடுடி" என்றாள். கிரேஸ் அசையாமல் வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. முனியாயி என்னைப் பார்த்து "நீங்களுமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். என்னையும் நாலு அடி அடித்திருக்கலாம்.

"எந்திரிச்சுப் போயிரு. கண்ணு முன்னாடி நிக்காத."

கிரேஸ் எழுந்தாள். அடித்த வேகத்தில் முனியாயி கட்டிலின் விளிம்புக்குச் சரிந்திருந்தாள். கால் இரண்டும் கோணிக்கொண்டு கீழே தொங்கின. முத்துப்பிரியா தனியாகத் தூக்கப் பார்த்து முடியவில்லை. கிரேஸ் திரும்பி வந்து, முனியாயியின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். பிடிப்பு வேண்டுமே, முனியாயி அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியே சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள்.

திங்கட்கிழமை கிரேஸ் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. மேனேஜரிடமும் சொன்னாள், சூப்பர்வைசர் வேலை போயிற்று. இப்போது மறுபடி பின் சீட்டில் இடிபட்டு வருகிறாள், காய் எடுக்கிறாள். கூட வருகிற பெண்களில் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை. அவர்களும் அந்தப் பிளாக்கில் இறங்கியவர்கள்தானே. அவள் குறைபட்டுக்கொள்வதும் இல்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே முனியாயி வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னபடி அவள் காலை மடக்கி நீட்டிப் பழக்குகிறாள். முனியாயி அந்த நேரம் முழுவதும் அவளை ஏசுகிறாள். தை பிறந்தபோது கட்டைவிரல் அசைந்தது. மாசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று எட்டு வைத்தாள். அதற்கு மேல் வருமா என்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் கேட்டேன். "முனியாயி ஒன்னைய மன்னிச்சிட்டாளா?"

"நான் கேக்கலண்ணே. கேட்டா இல்லன்னு சொல்லிருவாளோன்னு பயமாருக்கு." வளைவில் ஜீப் சாயும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா பிரியா ஒண்ணு சொன்னா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, கொசு வருதுன்னு கதவச் சாத்தப் போனா, அவ அத்த சாத்த விட மாட்டேங்குதாம்."