போடிமெட்டுக்கு ஜீப்பில் ஏறிய சைக்கிள்

ஐப்பசி மழையில் மலைச்சாலையில் மண் சரிந்து கிடந்த நாட்களில்தான் நாங்கள் மார்கழிப் பயணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். எங்கள் சைக்கிள் குழுவில் நான்கு பேர். போடியில் பேக்கரி வைத்திருக்கும் அண்ணன், சிலமலையில் வெள்ளாமை பார்க்கும் தம்பி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் தோழி, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டிபுரம் வரை போய்த் திரும்புவதுதான் அதுவரை எங்கள் பெரிய சாதனை.

பேக்கரி மாடியில் கூடுவோம். மழை ஓய்ந்ததும் பக்கத்துக் கிடங்கிலிருந்து ஏலக்காய் வாசம் ஈரக்காற்றோடு ஏறி வரும். கீழே அடுப்பில் பன் வெந்துகொண்டிருக்கும். போகும் வழியைச் சொன்னவள் நான். முந்தல் தாண்டி மலையேறிப் போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறை, நெடுங்கண்டத்தில் ராத்தங்கல், மறுநாள் கம்பம்மெட்டு வழியாக இறங்கி வீடு. சொல்லி முடிப்பதற்குள் ஆளாளுக்கு அந்தச் சாலையில் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மெட்டுல போயி மொதல்ல பாலில்லாம சூடா ஒரு கட்டஞ்சாயா குடிக்கணும்" என்றார் அண்ணன்.

"குடிச்சிட்டு அங்கயே படுத்துக்கிருவீக. பூப்பாறை பக்கம் யானை வருமாம்ல?" என்றாள் தோழி.

"வந்தா ஓரமா நின்னு வழி விடுவோம்க்கா. அதுக்கென்ன சோலி நம்மகிட்ட" என்றான் தம்பி.

அந்த வாரங்களில் எனக்குத் தூக்கமே சாலையாக இருந்தது. கண்ணை மூடினால் மூடுபனிக்குள் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கும், சக்கரம் தெரியாது. வகுப்பில் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்துவிட்டு, அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டே நின்றிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் கீழே இறங்குவேன்.

கார்த்திகையில் முழங்கால் வீங்கியது. ஜவ்வு கிழிந்திருப்பதாகச் சொன்னார் டாக்டர். "சமதளத்துல தாராளமா ஓட்டுங்க. மலையேத்தத்துல மிதிச்சீங்கன்னா அப்புறம் வீட்டு மாடிப்படி ஏற முடியாது."

மாடியில் இதைச் சொன்னபோது அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "மலை வேணாம். அப்பிடியே கம்பம் வரைக்கும் ரோட்டுல போயிட்டு வருவோம்."

எனக்கு அழுகை வந்தது, கோபமாக வெளியேறியது. "எனக்காக மலையை விடுறதா இருந்தா நான் குழுவுலயே இல்ல" என்றேன்.

"நீங்க இல்லாம நாங்க மட்டும் போயி என்னத்தக்கா பாக்கப் போறோம்?" என்றான் தம்பி.

தோழி என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "விடியக்கால தோட்டத்து ஜீப்பு போகுதுல்ல. சைக்கிளக் கூரைமேல கட்டிக்கிட்டு நீ அதுல ஏறு. மெட்டுல நில்லு, நாங்க வந்து சேர்றோம். அதுக்கப்புறம் எறக்கத்துல ஓட்டு, ஏத்தத்துல உருட்டிக்கிட்டு வா."

இரண்டு நாள் ஜீப்பு நிற்கும் பக்கமே நான் போகவில்லை. ஜீப்பில் ஏறினால் அது என்ன சைக்கிள் பயணம் என்று மனசு முரண்டு பிடித்தது. மூன்றாம் நாள் ஜீப்புக்காரரிடம் போய் இடம் சொல்லி வைத்தேன்.

மார்கழிக் குளிரில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்தேன். மடியில் தூக்குவாளி வைத்திருந்த ஒரு அக்கா கேட்டார்: "ஏ டீச்சரு, வண்டி மேல சவாரி போகுது, நீங்க உள்ள இடிபடுறீக. எதுக்கு இது?"

"மெட்டுக்கு அங்கிட்டு ஓட்டப் போறேன்க்கா."

"எதுவரைக்கும்?"

"நெடுங்கண்டம்."

ஜீப்பே சிரித்தது. "எங்களயும் பின்னால வச்சுக் கூட்டிட்டுப் போத்தா, தோட்டத்துக்கு லீவு சொல்லிருவோம்" என்றார் இன்னொருவர். முந்தல் தாண்டி மேலே ஒரு வளைவில் என் ஆட்கள் மூவரும் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அண்ணன் கையை உயர்த்தினார். அடுத்த நொடி பனி அவர்களை மூடிவிட்டது. முகத்தைத் திருப்பி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த தூக்குவாளி அக்கா, ஒன்றும் கேட்காமல் தன் சால்வையின் ஒரு பாதியை என் தோளில் போட்டுவிட்டார்.

மெட்டில் என்னை இறக்கிவிட்டு ஜீப்பு போனது. தேநீர்க் கடை ஓரம் சைக்கிளோடு நின்றேன். சாலை இல்லை, மலை இல்லை, கீழே போடி இல்லை. எல்லாம் வெள்ளையாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் விழித்திருக்கிறேனா என்றே ஒரு சந்தேகம் வந்தது. வெகுநேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தமும் "இன்னும் ஒரு வளைவுதான்டா" என்ற அண்ணனின் குரலும் வந்தன. அப்புறம் ஒரு முன்சக்கரம். பிறகு தம்பியின் முகம், தலைமுடியெல்லாம் பனித்துளி.

"எம்புட்டு நேரமாக்கா நிக்கிறீக?"

"இப்பத்தான் வந்தேன்" என்றேன்.

பூப்பாறைக்கு இறங்கும்போது நான்தான் முன்னால் போனேன். மிதிக்கவே தேவையில்லை. இருபுறமும் ஏலச்செடிகள் நனைந்து நின்றன. காற்று காதில் நிறைந்து, கால் இருப்பதே மறந்துபோனது. அடுத்த ஏற்றத்தில் நான் இறங்கி உருட்டினேன். பின்னால் பார்த்தால் மூவரும் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"பேசாம நட, எனக்கும் கால் வலிக்குது" என்றாள் தோழி.

நெடுங்கண்டம் போய்ச் சேர இருட்டிவிட்டது.