சாய்ந்த ஒரு கோடு

போன மழைக்காலத்தில் ஒரு காலை, புனேயில் ஆகுர்டி போகும் கம்பெனி பஸ்ஸில், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு கோடுகள், ஒரு அழிப்பு, மறுபடி நான்கு கோடுகள். பக்கத்தில் இருந்த மராத்திப் பெண்மணி வெகுநேரம் பார்த்துவிட்டு, என்ன எழுத்து என்று இந்தியில் கேட்டார். "சைனீஸ்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கடை போடப் போறீங்களா? மஞ்சூரியன் மட்டும் காரமா இருக்கணும்!" புனேயில் சைனீஸ் என்றால் தள்ளுவண்டி நூடுல்ஸ்தான். சிரித்து வைத்தேன். எனக்குள் எரிந்துகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பத்து நாள் முன்புதான் செல்வத்தின் இரண்டு விரல் நுனிகள் போயின. செல்வம் எங்கள் தொழிற்சாலையில் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஓட்டுபவர். புனேயின் தாபோடியில் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் பாதி இந்தி. கோயம்புத்தூரிலிருந்து வந்து நான் குவாலிட்டி பிரிவில் சேர்ந்த நாளில், "நம்ம ஆளா மேடம்? பகுத் அச்சா!" என்று டீ வாங்கிக் கொடுத்தவர். அன்று அவருக்குக் கொடுத்திருந்தது சீனாவிலிருந்து வந்திறங்கிய புது பிரஸ். பட்டன்கள் எல்லாவற்றிலும் சீன எழுத்து மட்டும். டை என்னும் அச்சை மாற்றும் நேரம் என்பதால் பாதுகாப்பு சென்சாரை அணைத்திருந்தார்கள். உள்ளே ஒரு தகடு சிக்கிக்கொண்டது. வலது கையால் தகட்டைப் பிடித்தபடி, பிரஸ்ஸை மேலே தூக்க இடது கையால் பட்டனை அழுத்தினார். அது கீழே இறங்கியது.

மேலே தூக்கும் பட்டனில் 升 என்று இருந்தது. ஓட்டும் பட்டனில் 开 என்று இருந்தது. இரண்டும் ஒரே பச்சை, ஒரே அளவு, அருகருகே.

விசாரணைக் குழுவில் நானும் ஒருத்தி. கூட்டம் கூடுமுன்பே அறிக்கை தயாராகி என் மேஜைக்கு வந்துவிட்டது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு. பயிற்சி அளிக்கப்பட்டது.' அந்தப் பயிற்சி எனக்குத் தெரியும். சீனாவிலிருந்து வந்த டெக்னீஷியன் அரை மணி நேரம் சைகையால் காட்டினார், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அவர் விமானம் ஏறினார். "சைன் பண்ணுங்க மேடம், சும்மா ஃபார்மாலிட்டி" என்றார் மனிதவள மேலாளர். அந்த ஃபார்மாலிட்டியில் செல்வத்தின் வேலை போய்விடும். கோவையில் நான் வேலை பார்த்த பம்ப் பட்டறையில், வெளிநாட்டு மெஷின் இறங்கியதுமே ஃபோர்மேன் முதலில் பெயிண்ட் டப்பாவோடுதான் அதன் பக்கத்தில் போவார். ஒவ்வொரு பட்டனுக்கு மேலும் தமிழில் எழுதிவிட்டுத்தான் கரண்ட் கொடுப்பார். ஒரு டப்பா பெயிண்ட் இந்தப் பெரிய கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. மருத்துவமனைக்குப் போனேன். "கையை உள்ள வச்சது என் கல்திதான், என் தப்புதான் மேடம்," என்றார் செல்வம். "லேகின் பட்டன் நான் பார்த்துதான் அமுக்கினேன். சச்சி சொல்றேன்." அன்று முதல் அந்த இரண்டு எழுத்துகளையும் எழுதிப் பழகினேன். கைப்பேசியில் ஒரு செயலி கோடுகளின் வரிசையைக் காட்டியது. மூன்று கோடுகள் இரண்டுக்கும் பொது. முதல் கோடு மட்டும் 开-இல் படுத்திருக்கும், 升-இல் இடப்பக்கம் சரிந்து விழும். ஒரு மனிதனின் விரலுக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

கூட்டத்தில் அறிக்கையை வாசிக்க ஆரம்பித்ததும் எழுந்து போய், போர்டில் இரண்டையும் பெரிதாக எழுதினேன். எண்ணெய்க் கறை படிந்த பட்டனில் இருப்பதைவிட இருபது மடங்கு பெரிது. ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லிவிட்டு அழித்தேன். அதில் ஒன்றை மட்டும் மறுபடி எழுதி, ஆலைத் தலைவரிடம் கேட்டேன்: "சார், இது தூக்குறதா, ஓட்டுறதா?"

"தூக்குறது," என்றார்.

"கை போயிடுச்சு சார்."

மேலாளர் தண்ணீர் குடித்தார். அறிக்கை மாறியது, செல்வத்தின் வேலை தப்பியது. ஆனால் அவரிடம் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதம், குழுவை மாற்றி அமைப்பதாகச் சொல்லி என்னை மட்டும் மாற்றினார்கள். அந்தக் கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை.

செல்வம் வேலைக்குத் திரும்பிய அன்று, பட்டன்களில் ஒட்ட கம்பெனி தருவதாகச் சொன்ன ஸ்டிக்கர் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், மார்க்கரோடு நானே பிரஸ்ஸுக்குப் போனேன். 升 பட்டனுக்கு மேல் 'தூக்கு' என்று எழுதினேன். செல்வம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது. மராத்தில எழுதுங்களேன்."

மார்க்கர் என் கையிலேயே நின்றது. ஆறு வருடமாக இந்த ஊரின் சோற்றைத் தின்கிறேன். மராத்தியில் எனக்கு ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது.

அவர் மார்க்கரை வாங்கி, கட்டுப் போட்ட வலது கையால் பட்டன் பலகையைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பட்டனுக்குக் கீழே 'வர்', அதாவது 'மேலே' என்று மராத்தியில் கோணல்மாணலாக எழுதினார். மேலே என் தமிழ். அந்த ஷெட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கீழே அவருடைய மராத்தி, மை இன்னும் காயவில்லை. தொட்டால் அழிந்துவிடும் என்று, விரலைச் சற்றுத் தள்ளி வைத்து, காற்றிலேயே அந்த எழுத்தை எழுதிப் பார்த்தேன்.