தையல்கார அக்கா வீட்டுக் கயிறு

தையல்கார அக்கா என் கடைக்குள் நுழைந்ததும் ஒரு பட்டு பிளவுஸை மேஜைமேல் வீசினார்.

"இதப் பாரு பாய்! டீச்சரம்மா பிளவுஸு. முதுகுல ரோடு போட்டு வெச்சிருக்கேன்!"

உண்மையிலேயே ரோடுதான். கழுத்தில் தொடங்கிய தையல் வளைந்து நெளிந்து அக்குள் வரைக்கும் போயிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. அக்காவுக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாகவே வீடு. முன்னறையில் தையல் மெஷின். என் மனைவிக்கு அவர்தான் தைப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் வந்த ஒரு விஷக்காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால், எதற்கும் இருக்கட்டும் என்று சத்தத்தை ஜாஸ்தியாகவே வைத்துக்கொள்வார். அவர் ரகசியம் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சிக்கல் இதுதான். துணி கொடுக்க வருபவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அக்கா வாசலுக்கு முதுகு காட்டி, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டு அலுத்தவர்கள் உள்ளே வந்து தோளைத் தொடுவார்கள். அக்கா அலறுவார். கால் பெடலை மிதித்துவிடும். அலறலைக் கேட்டதும், தோளைத் தொட்டவரும் அலறிக்கொண்டு ஓடிவிடுவார். மிஞ்சுவது பிளவுஸில் ஒரு ரோடு.

"மணி அடிச்சா என் கண்ணுக்குத் தெரியணும். அந்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

"அதுக்கின்னாக்கா, பண்ணிடலாம்" என்றேன்.

அக்கா என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "இன்னா சொல்ற?"

மறுபடி சொன்னேன். மறுபடியும் "இன்னா?" என்றார். அவர் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். என் உதட்டின்மேல் அந்தக் காலத்து ஃபேஷன்படி ஒரு மீசை ஜன்னல் திரைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உனுக்கு வாய் இருக்கா இல்லியான்னே தெர்ல. மொதல்ல அத்த வெட்டினு வா. அப்புறம் பேசலாம்."

வெட்டினேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி கதவைத் திறந்து, "அவரு கடைக்குப் போயிருக்காருங்க" என்று சொல்லிச் சாத்தினாள். நான்தான் அவர் என்று தெரிந்ததும், "நான் எத்தினி தடவ சொன்னேன், கேட்டீங்களா? தையல்காரம்மா சொன்னா மட்டும் கேப்பீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அக்கா வீட்டு வாசலில் ஸ்விட்ச் வைத்து, மெஷினுக்கு மேலே ஒரு பல்பு மாட்டினேன். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. வெளியே போய் ஸ்விட்சைப் போட்டேன். அக்கா திரும்பவில்லை. ஜன்னலில் கொளுத்தும் வெயிலில் பல்பு எரிவதே தெரியவில்லை. சிவப்பு பல்பு மாற்றினேன். வோல்டேஜ் கம்மியாக இருந்ததால் அது அழுத கண் மாதிரி மினுக்கியது. அதையும் பக்கத்தில் இறக்கி மாட்டியபோது கரண்ட் போய்விட்டது.

"கரண்ட் இருக்கற அன்னிக்கித்தான் ஜனம் வருமா?" என்றார் அக்கா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்ட் வந்ததும், பல்புக்குப் பதிலாக ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுபோய் இணைத்தேன். ஸ்விட்சைப் போட்டால் முகத்தில் காற்றடிக்கும். வெயில் இருந்தால் என்ன, காற்று தெரியாமல் போகுமா? நன்றாகவே தெரிந்தது. அறையில் வெட்டி வைத்திருந்த துணி முழுதும் எழுந்து பறந்தது. முன்பக்கத் துண்டுகள் விட்டத்தில் ஒட்டின. பிளவுஸின் ஒரு கை மட்டும் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. அக்கா அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். நான் அக்காவைத் துரத்தினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டு ஆடு லேஸைத் தின்று முடித்து, துணியை ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். ஆட்டைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"தைக்கும்போது நீங்க எங்கக்கா பாப்பீங்க?"

"ஊசியத்தான். வேற எங்க பாத்தாலும் விரல் போயிடும்."

ஆக, வாசலில் ஆள் வந்த செய்தி ஊசிக்குப் பக்கத்தில் வர வேண்டும். கரண்ட் இல்லாமல் வர வேண்டும். கயிறுதான் வழி என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. முதலில் கயிற்றின் ஒரு முனையை அக்காவின் கால் கட்டைவிரலில் கட்டிப் பார்த்தோம். அப்போது பார்த்து வந்தார் பூக்கார அம்மா. கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பழகிய கை. அவர் இழுத்த இழுப்பில் அக்கா முக்காலியோடு வாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

பிறகு கயிற்றை வாசலிலும் விட்டத்திலும் சின்ன உருளை போட்டுச் செலுத்தினேன். அக்கா மிச்சத் துணியில் பஞ்சடைத்து, சட்டை பாவாடையோடு ஒரு பொம்மை தைத்தார். வாசலில் இழுத்தால் பொம்மை மெஷினுக்குப் பின்னாலிருந்து எழும்பி ஊசிக்கு ஒரு சாண் முன்னால் குதிக்கும். விட்டால் கீழே இறங்கிவிடும். நான் வெளியே போய் இழுத்தேன்.

"வர்றேன்! இரு!" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஆடு எழுந்து போய்விட்டது.

கயிற்றின் நுனியில் மர வளையம் கட்டினேன். கூன் விழுந்த ஒரு அம்மாவுக்கு அது எட்டவில்லை என்று இன்னும் தாழ்வாக இன்னொன்று கட்டினேன். அதை ஆடு கடித்து இழுத்தது. அக்கா எழுந்து வந்து ஆட்டிடம் "அளவு பிளவுஸ் எங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியதாகத் தெருவில் சொன்னார்கள். கடைசியில் அந்த வளையத்தில் வேப்பெண்ணெய் பூசினோம். ஆடு விட்டுவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த சமயத்தில் பௌர்ணமி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. உருளை கீச்சிடுகிறது என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருந்ததால், தொழுகை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் எண்ணெய்க் குப்பியோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். மாலையில் கிரிவலக் கூட்டம் நடக்கத் தொடங்கியிருந்தது. நான் வாசலில் முக்காலி போட்டு ஏறி நின்றிருந்தபோது, ஒரு பெரியவர் தண்ணீர் கேட்பதற்காக வளையத்தை இழுத்தார்.

"வர்றேன்! இரு!" என்று உள்ளிருந்து முழங்கியது.

பெரியவர் வளையத்தை விட்டுவிட்டுக் கும்பிட்டார். பின்னால் வந்த அம்மா அவரைத் தள்ளிவிட்டுத் தானும் இழுத்தார். மறுபடி "வர்றேன்!" வந்தது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க இன்னா விசேஷம் பாய்?"

"ஒண்ணும் இல்லம்மா. தையல்காரம்மா வீடு."

"தையல்காரம்மனா!" என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். "ஏய், செருப்ப கழட்டுங்கடி. தையல்காரம்மனாம். கூப்ட்டா கொரல் குடுக்குது!"

நான் "அம்மன் இல்ல, அம்மா, அம்மா" என்று கத்தினேன். "ஆமா, அம்மா தாயே!" என்று வரிசை பதில் சொன்னது. ஆம், அதற்குள் வரிசை நின்றுவிட்டது. யாரோ வளையத்தில் குங்குமம் வைத்தார்கள். ஒருவர் என் கையில் தேங்காயைக் கொடுத்து, "உடச்சிக் குடு பாய்" என்றார். தொப்பியோடு, முக்காலிமேல், ஒரு கையில் தேங்காயும் ஒரு கையில் எண்ணெயுமாக நான் நின்ற காட்சியை நல்லவேளையாக எங்கள் பள்ளிவாசலில் இருந்து யாரும் பார்க்கவில்லை.

பொம்மை ஓயாமல் குதித்ததில் கோபம் வந்து, அக்கா கழுத்தில் அளவு நாடாவும் கையில் கத்தரிக்கோலுமாக வெளியே வந்தார். முன்னால் நின்றவர் சாஷ்டாங்கமாக விழுந்தார்.

"எந்திரி, எந்திரி. படுத்துனு இருந்தா எப்பிடி அளவு எடுக்கறது? பிளவுஸா, பாவாடையா?"

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணும் தாயே" என்றார் விழுந்தவர்.

அக்கா அவர் உதட்டைப் பார்த்தார். "கல்யாணமா? அப்ப பட்டு பிளவுஸு. பொண்ண இட்டாந்தியா?"

பெண் கூடத்தான் வந்திருந்தாள். அளவு எடுத்துவிட்டு, "ஆடி மாசம் முடியட்டும், வந்து வாங்கிக்க" என்றார் அக்கா. அதை அருள்வாக்காகவே எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பம் மலையைச் சுற்றப் போனது. கூட்டம் கலைந்ததும் தேங்காயை உடைத்து ஆளுக்கு ஒரு மூடி எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் அக்கா ஒரு பலகை எழுதி மாட்டினார்: "இது தையல் கடை. ஒரு முறை இழுக்கவும். சாமி கோயிலில் இருக்கிறார்."

ஆனால் பேச்சு பரவிவிட்டது. கீழ்பென்னாத்தூரில் இருந்து ஒரு பெண் தேடி வந்தாள். களத்தில் காவலிருக்கும் மாமனாருக்குக் காது மந்தம். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்பதில்லை. களத்துக்கு நடந்து நடந்து தன் கால் தேய்கிறது என்றாள். இந்த முறை நான் பல்பு, ஃபேன் எதையும் கையில் எடுக்கவில்லை. நேராகப் போய்ப் பெரியவர் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தேன். அவர் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையைப் பார்த்துக்கொண்டு காக்காய் ஓட்டினார். நானும் ஓட்டினேன். பிறகு களத்தின் நடுவே பழைய சட்டை மாட்டிய ஒரு வைக்கோல் பொம்மையை நட்டு, வீட்டுச் சமையலறை வரை கயிறு இழுத்தேன். மருமகள் இழுத்தால் பொம்மை துள்ளும், மாமனார் எழுந்து சாப்பிட வருவார் என்பது ஏற்பாடு.

பொம்மை அருமையாகத் துள்ளியது. பயந்த காக்காய்கள் அந்தக் களத்தின் பக்கமே வரவில்லை. ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் பெரியவர் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார். மருமகள் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தாள். பொம்மை மட்டும் வெயிலில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டேன்.

"எதுக்குப்பா எழுப்பற? நல்லா காத்து வருது" என்றார். "ஒரு கயித்துக் கட்டிலையும் கட்டிக் குடுத்துட்டுப் போயேன்."