காந்தம் ஒட்டாத ரீல்

கடற்கரையில் நின்று மீன் பிடிக்க, தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீல் எது வாங்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்க இப்போதும் இரண்டொருவர் வருகிறார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடல் ரீலுக்கு யோசனை சொல்கிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர். நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லுவேன். நிறத்தைப் பார்க்காதே. கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, காதருகே வைத்துக் கேள். ஸ்குரூவில் காந்தத்தை வைத்துப் பார், ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடு. எல்லாம் சரியான யோசனைதான். ஆனால் ஒன்றுகூட என்னுடையது இல்லை. அத்தனையும் ஒருத்தன் சொன்னது. நான் ரீல் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த அன்று அதில் ஒன்றையும் செய்யவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டையில், பம்பு செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நானும் அவனும் பிட்டர்கள். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்குக் கோச்சடை. நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். அவனுக்கு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம், காலனி. அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பட்டறைக்குள் இதெல்லாம் யாருக்கும் நினைவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. அங்கே எல்லோருக்கும் எல்லோரும் மாப்ளதான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். மத்தியானம் அவன் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்கு.

இருவரும் கண்மாயில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள். கண்மாய்தான் வேறு வேறு. பட்டறையிலிருந்து ஒருமுறை ராமேஸ்வரம் கூட்டிப்போனார்கள். வழியில் மண்டபத்தில் இறங்கி, பாறைமேல் நின்று ஒருவன் கயிறு வீசுவதைப் பார்த்ததோடு எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, விடிந்ததும் கிளம்பும் பாசஞ்சரில் மண்டபம். என் மனைவி சிரிப்பாள். "மதுரையில மீனு கெடைக்காம மண்டபத்துக்குப் போறாரு, வரும்போது மார்க்கெட்டுல வாங்கிட்டு வாராரு." பல நாள் அதுதான் உண்மையும்.

எங்களிடம் ரீல் கிடையாது. நைலான் நரம்பை ஒரு கட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, நுனியில் ஈயக் குண்டைக் கட்டிக் கையால் சுழற்றி வீசுவோம். நரம்பு அறுக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வோம். எவ்வளவு மூச்சுப்பிடித்து வீசினாலும் குண்டு கொஞ்ச தூரத்திலேயே விழும். மீன் அதற்கு அப்பால் துள்ளிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அங்கே ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் கையில் ஒரு வெளிநாட்டு ரீலை வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடி சுற்றவில்லை. இவன் போய், "குடுங்க சார், பாப்போம்" என்று வாங்கித் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பான். கூடவே பழைய ரேடியோ ஸ்பீக்கரில் உடைத்தெடுத்த ஒரு காந்தத் துண்டு. பட்டறையில் எந்த இரும்பு என்று பார்க்க அது. ரீலைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகத் துண்டில் வரிசையாக வைத்து, காந்தத்தால் தொட்டுப் பார்த்தான். காந்தம் ஒட்டிய ஸ்குரூவெல்லாம் துருவேறிக் கிடந்தது. ஒட்டாதது எல்லாம் புதுசு போல இருந்தது. "இம்புட்டுத்தான் சங்கதி மாப்ள" என்றான். "உப்புக்கு ஒத்த எடம் போதும், உள்ள பூந்துரும். உள்ள பல்லுச்சக்கரம் பித்தளையா இருக்கணும். ஸ்குரூவுல காந்தம் ஒட்டக்கூடாது. புதுசுல சுத்துறதுக்குக் கெட்டியா இருந்தா அது கிரீஸு, நல்லது. லேசாச் சுத்துச்சுன்னா உள்ள ஒன்னுமில்லன்னு அர்த்தம்."

மண்ணையும் துருவையும் துடைத்து மாட்டிக் கொடுத்ததும் அந்தப் பெரியவர் சந்தோஷத்தில் எங்களை ஆளுக்கு ஒருமுறை வீச விட்டார். குண்டு போய்க்கொண்டே இருந்தது. எங்கே விழுந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அவன் வீசிவிட்டு, நரம்பைச் சுற்றாமல், சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே பேசி முடித்தோம். கம்பு அவன் பொறுப்பு, ரீல் என் பொறுப்பு. என் அக்காவின் கணவர் சிங்கப்பூரில் இருந்தார். அவருக்குக் கடிதம் எழுதினேன். எழுதியது என் கை, சொன்னது அவன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று பட்டறை டிராயிங் மாதிரி படம் போட்டுக் கொடுத்தான். அதையும் மடித்து உள்ளே வைத்தேன். அந்தப் படத்துக்குக் கீழே அவன் பெயரை எழுதலாமா என்று யோசித்து எழுதாமல் விட்டேன். எதற்கு வீண் கேள்வி என்றுதான்.

இரண்டு மாதம் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் அவன் கம்பு வேலைதான் பார்த்தான். கெட்டி மூங்கிலைத் தீயில் காட்டி நிமிர்த்தி, கணுவை ராவி, எவர்சில்வர் கம்பியில் நரம்பு ஓடும் வளையங்கள் வளைத்து, நூல் சுற்றி வார்னிஷ் அடித்தான். ரீல் உட்காரும் இடத்துக்கு ஒரு கிளாம்ப் செய்தான். எந்த ரீல் வந்தாலும் பொருந்துகிற மாதிரி முன்னும் பின்னும் நகரும் கிளாம்ப். முதலாளி பார்த்துவிட்டு, "ஒரு நாளாவது எனக்கு இப்படி வேல செஞ்சிருக்கியாடா?" என்று கேட்டார்.

அக்கா மகள் சடங்குக்காக மச்சான் ஊருக்கு வந்தார். சடங்கு முடிந்து, ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் விருந்து. சிங்கப்பூர்ப் பெட்டியைக் கூடத்தில் திறந்து வைத்தார். வாசனை சோப்பு, தைல பாட்டில், சேலை என்று ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்து முடித்ததும், கடைசியில் துண்டில் சுற்றிய இரண்டு ரீலை எடுத்தார். "கடைக்காரன் ரெண்டையும் காட்டுனான். எனக்கு என்னத்தத் தெரியும்? ஒனக்கு எது வேணுமோ எடுத்துக்க மாப்ள. இன்னொன்ன என் தம்பிக்குக் குடுத்துர்றேன்."

ஒன்று தங்க நிறம், பளபளவென்று. இன்னொன்று கருப்பு. கொஞ்சம் பருமன், பார்க்க ஒன்றுமில்லை.

அப்போதுதான் வாசல் கேட்டில் சைக்கிள் மணி கேட்டது. ரீல் வருகிற நாள் என்று அவனுக்குத் தெரியும். வா என்று சொன்னவனும் நான்தான். "அண்ணே!" என்று கூப்பிட்டான். ஏழெட்டு வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் அவன் என்னை அண்ணே என்றது கிடையாது. எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அவனே மாற்றிக்கொண்டான். எனக்கு அது சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. அப்பாடா என்று இருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"யாருப்பா அது?" என்றார் பெரியப்பா.

"கூட வேல பாக்குற பையன்."

பையன். அவன் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வெற்றிலையை மடித்துக்கொண்டார். அம்மா மட்டும், "வெயில்ல நிக்கிறானே, மோரு குடுத்து விடுவமா?" என்றாள். உள்ளே வரச் சொல் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது பெரிய பாவமாகத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். அதைவிடச் சின்னக் காரியம் ஒன்று இருந்தது. இரண்டு ரீலையும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போயிருக்கலாம். அவன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருப்பான். காந்தத்தை வைத்திருப்பான். அரை நிமிஷ வேலை. ஒரு காலனிக்காரனிடம் போய் இவன் யோசனை கேட்கிறானே என்று கூடத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டையும் சுற்றிப் பார்த்தேன். தங்க நிறம் வெண்ணெய் போலச் சுற்றியது. கருப்பு கெட்டியாக இருந்தது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று அவன் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். "கருப்ப எவன் எடுப்பான்? இத எடுறா, தங்கமாட்டம் இருக்கு" என்றார் பெரியப்பா. அக்காவும் அதையே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தங்க நிறத்தை எடுத்தேன். நகைக்கடையில் மோதிரம் வாங்குகிறவன்கூட இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பான்.

எடுத்த பிறகுதான் கேட்டுக்குப் போனேன். கையில் ரீலும், மோர் டம்ளரும். அவன் மோரைக் குடித்தான். ஓரத்துக் குழாயில் டம்ளரைத் தானே கழுவி, சுவர்மேல் கவிழ்த்து வைத்தான். ரீலை நீட்டினேன். கை நீட்டி வாங்கவில்லை. பார்த்தான்.

"கருப்பா இன்னொன்னு இருந்துச்சு போல."

"அது கனம்" என்றேன்.

சட்டைப் பைக்குப் போன கையை அப்படியே இறக்கிக்கொண்டான். "சரிண்ணே, ரயில்ல பாத்துக்கிருவோம். வாரேன்" என்று சைக்கிளைத் திருப்பினான்.

அடுத்த மாதம் பாசஞ்சரில் மானாமதுரை தாண்டியதும் ரீலை வாங்கி மடியில் வைத்துக் காந்தத்தை வைத்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு ஸ்குரூவில் வைத்தான். அதிலும் ஒட்டியது. என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ரீலைக் கிளாம்பில் மாட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி, ஆட்டம் இல்லாமல் பொருத்திக் கொடுத்தான். தன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

முதல் இரண்டு தடவையும் ரீல் நன்றாகத்தான் ஓடியது. நான் பெருமையாகத்தான் வீசினேன். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டேன். மூன்றாவது தடவை கம்பு அவன் கையில் இருந்தபோது ஒரு பாரை மீன் கடித்தது. பெரியது. கம்பு வளைந்து நின்றது, அவன் செய்த கம்பு, ஒரு கணுவும் விடவில்லை. நரம்பு விர்ரென்று ஓடியது. அவன் விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, மீனைப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டான். அதன் வெள்ளி வயிறு எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் ரீலுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். கைப்பிடி சும்மா சுற்றியது. நரம்பு வரவில்லை. அவன் கம்பை என் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் நரம்பைப் பிடித்தான். அன்று விரலில் டியூப் கிடையாது. ரீல் இருக்கிறதே என்று போட்டுக்கொள்ளவில்லை. மீன் ஒரே இழுப்பில் போய்விட்டது. அவன் உள்ளங்கை இரண்டிலும் நரம்பு கோடு போட்ட மாதிரி அறுத்திருந்தது. கடல் தண்ணீரில் கையை விட்டு எடுத்தான். முகம் சுளிக்கவில்லை.

ரீலைப் பிரித்தேன். உள்ளே வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. பல்சக்கரம் பித்தளை இல்லை, ஈயம் மாதிரி ஏதோ. பல்லெல்லாம் மழுங்கி உதிர்ந்திருந்தது. குளத்துக்கும் ஆற்றுக்கும் செய்த சாமான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. மச்சானைத் திட்டினேன். சிங்கப்பூர்க் கடைக்காரனைத் திட்டினேன். படம் போட்டு அனுப்பியும் குப்பையை வாங்கி வந்திருக்கிறாரே என்று கத்தினேன்.

அவன் துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"ஒங்க மச்சான எதுக்குண்ணே வையிறீங்க? அவரு ரெண்டும்தான கொண்டாந்தாரு. கூடத்துக்கும் கேட்டுக்கும் இருபது அடி. அம்புட்டுத்தான்."

ரயிலில் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தோம்.

கை ஆறி வேலைக்கு வந்த பிறகும் பட்டறைக்குள்ளேயே என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டான். மற்றவர்கள் கேலி என்று நினைத்தார்கள். "மாப்ள, விடுறா" என்று நானும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்ணே" என்றான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மண்டபத்துக்குக் கூப்பிட்டால், "பாப்போம்ணே" என்பான். கம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "ஒங்ககிட்டயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான், என்னிடமும் சொன்னான், எல்லோரிடமும் சொன்ன மாதிரியே.

கருப்பு ரீலை ரொம்ப நாள் கழித்து மச்சானின் தம்பி வீட்டில் பார்த்தேன். ஷோகேஸில், பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல், பீங்கான் நாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கிக் கையில் எடுத்தேன். ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தேன். எந்த ஸ்குரூவிலும் ஒட்டவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாவது பயணம் முடிந்த வாரம், வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, பட்டறை டேப்பை எடுத்துவந்து கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கேட்டு வரைக்கும் அளந்தேன். அவன் கண் பார்வையில் சொன்னதில் கொஞ்சம் பிசகு இருந்தது. இருபது அடி இல்லை. பத்தொன்பது அடி எட்டு அங்குலம்.