லியோனில் ஒரு மத்தியானச் சாப்பாடு

கிருபானந்தனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடப்பான். அங்கே போய்ச் சேருமுன் பஸ் அவனைக் கடந்து போய்விடும். வீட்டில் புட்டு அவியும்போது நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பான். பொறுத்தார் பூமியாள்வார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்றில்லை. சொன்னவர்கள் முடிக்குமுன் எழுந்து போயிருப்பான்.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் அடுப்படிதான் அவனுக்கு உலகம். கோப்பை கழுவ வந்தவன் இப்போது தலைமைச் சமையற்காரன். அங்கே பேர்போனது கெனெல். ஆற்று மீனை மாவும் முட்டையும் சேர்த்து அரைத்து, நீள உருண்டையாக அவித்து, நன்னீர் இறால் குழம்பில் வேகவைப்பார்கள். லியோன் நகரத்துப் பண்டம். போன குளிர்காலம் அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். சாப்பிட்டார், பாதியை வைத்தார், கைகொடுத்து, "நல்லாயிருக்கு, ஆனால் இது வேற" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'வேற' தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நின்றது. என்ன வேற? இத்தனை வருடமாகச் சமைக்கிறவன் அந்த ஊர்க் கெனெலை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. நினைக்க நினைக்க அவனுக்கு அவமானமாக இருந்தது.

கோடை விடுமுறைக்குப் பிரான்சுக்கு டிக்கெட் போட்டான். ஈபிள் கோபுரம் யாருக்கு வேண்டும்? கடைக்கு வெண்ணெய் கொண்டுவருகிறவன், பிரான்சின் பிரித்தானிப் பக்கத்துப் பரிசாரகன் என்று அகப்பட்டவர்களை எல்லாம் கேட்டுப் பாதை போட்டான். சனிக்கிழமை ரென் சந்தை. அங்கே கறுப்புக் கோதுமைத் தோசையில் சுற்றிய சொசேஜை நின்றபடியே தின்னவேண்டும். திங்கட்கிழமை லூவான் சந்தை. பேர்போன பிரெஸ் பகுதிக் கோழிகளை உயிரோடு கூடையில் வைத்து விற்பார்கள். பிறகு டிஜோனின் கூரைச் சந்தை. கடைசி ஞாயிறு லியோன். காலையில் ஆற்றங்கரைச் சந்தை, மத்தியானம் ஒரு சின்ன உணவகம், ஒரு தட்டுக் கெனெல். மற்றதெல்லாம் கைவிட்டுப் போனாலும் அந்த ஒரு தட்டு போகக்கூடாது.

இவ்வளவும் போட்டவன் ஒன்றை மறந்தான். மனைவி சர்மிளாவிடம் வாயை மூடு என்று சொல்ல மறந்தான். அவள் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் இருக்கும் தன் அக்கா தக்ஷினியிடம் சொன்னாள். தக்ஷினிக்குச் சொன்னால் பிரான்சுக்கே சொன்ன மாதிரி.

சொந்தக்காரர் இருக்கிற ஊருக்குப் போய்க் கடையில் சாப்பிடுவது நம்மவர்களிடத்தில் லேசான குற்றமில்லை. "ஏன், எங்கட வீட்டு அடுப்பு எரியேல்லையோ?" என்று கேட்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் ரயில் நிலையத்தில் பசிக்கு ஒரு பணிஸ் தின்று, அது வெளியே தெரியவந்து, இரண்டு கலியாணங்களுக்கு அழைப்பில்லாமல் போனது.

பின்னேரத்துக்குள் தக்ஷினி எல்லா நேரச் சாப்பாட்டையும் சொந்தக்காரருக்குப் பங்கு வைத்துவிட்டாள். "கிருபா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஒரு நேரமும் கடைச் சாப்பாடு இல்லை" என்று போனில் ஆறுதல் சொன்னாள். ரென்னில்கூட யாரோ ஒரு மச்சானைக் கண்டுபிடித்திருந்தாள். லியோன் ஞாயிறு மத்தியானம் சர்மிளாவின் சித்தப்பா மார்க்கண்டு வீட்டில்.

கிருபானந்தன் சமையலறைக்கும் பல்கனிக்கும் நடந்தான். "ஞாயிறு காலமை எனக்கு வயித்துக்கை சரியில்லை எண்டு சொல்லுவமோ?"

"சொல்லுங்கோ. ரசம் வைச்சுத் தருவினம். பாக்கவும் நாலு பேர் வருவினம்" என்றாள் சர்மிளா.

அந்தக் கிழமை வேலையில் இரண்டு தரம் குழம்பை அடிப்பிடிக்கவிட்டான். நித்திரையும் சரியில்லை. திங்கட்கிழமை லீவு நாள். இனிப் பொறுக்க முடியாது என்று மார்க்கண்டுவுக்கே போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். சர்மிளா தலையில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"மாமா, குறை நினையாதேங்கோ. ஞாயிறு மத்தியானம் வீட்டுச் சாப்பாடு வேண்டாம். நான் ஒரு கடையிலை கெனெல் சாப்பிடவேணும்."

எங்களுக்கும் இரண்டு கலியாணம் போச்சு என்று சர்மிளா நினைத்தாள்.

"கெனெலோ? அதை ஏன் தம்பி தேடுறாய்?"

கிருபானந்தன் தன் வேலையைச் சொன்னான். லியோன்காரர் பாதியில் வைத்துவிட்டுப் போனதையும் மறைக்கவில்லை.

"நீ வெண்ணெயோ போடுறாய்?"

"ஓம் மாமா."

"பிழையில்லை. நாங்கள் மாட்டுச் சிறுநீரகக் கொழுப்புப் போடுறனாங்கள். அதுதான் வேற."

"நாங்கள் எண்டால்?"

"நான் நிக்கிற கடையிலை. முப்பது வருசத்துக்கு மேலை அதைத்தானே உருட்டுறன்."

சித்தப்பா ஏதோ ஒரு கிச்சினில் நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். என்ன சமைக்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"எங்கட ஆக்கள் எத்தினை பேர் வந்து போட்டினம், தம்பி" என்றார் மார்க்கண்டு. குரல் இறங்கியிருந்தது. "எல்லாருக்கும் லீவெடுத்து நண்டுக்கறி வைச்சன். ஒருத்தரும் அங்கை வந்து ஒரு வாய் சாப்பிடேல்லை. வாங்கோ எண்டு கேக்க எனக்கும் வெக்கம். உனக்காண்டி எடுத்த லீவை வெட்டுறன். பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு வாங்கோ. நான் உள்ளுக்கை நிப்பன்."

போனை வைத்ததும் கிருபானந்தன் துள்ளி எழுந்து பல்கனிக் கதவைத் திறந்தான், மூடினான். "பாத்தியே சர்மி? கொழுப்பு. கொழுப்பிலைதான் கிடக்கு விசயம்."

சர்மிளா மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னும் பயமோ?"

"அதில்லை. சித்தப்பா சொன்னது மனசைப் போட்டு என்னவோ செய்யுது. உங்கட கெனெல் என்ன நிறம் எண்டுகூட எனக்குத் தெரியாது."

"உனக்குப் பிடியாது எண்டு நினைச்சன். ஒருக்கா வாறன் எண்டு நீயும் கேக்கேல்லையே."

"நீங்கள் கூப்பிடேல்லை."

அவன் கதிரையில் இருந்தான். சர்மிளா எழுந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதிக்குமட்டும் அசையாமல் இருந்தவன், பிறகு தன் உணவகத்துக்கே போன் எடுத்து வியாழன் இரவுக்கு மேசை கேட்டான். எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள்.

"ஒராளுக்கு" என்றான். "என்ர மனுசி வாறா."